ரூடால்ஃப் டீசல் – நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பிறந்த எஞ்சின்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் இல்லங்களில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தால் வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். மெக்கானிக்கல் கிடைத்தால், பரவாயில்லை, அதிலிருந்தும் சாஃப்ட்வேருக்குப் போய்விடலாம் என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். நான்கு வருஷம் மெக்கானிக்கல் படிப்பதால் ஒரு மாணவனுக்கு என்னதான் கிடைக்கிறது என்று யாரும் நின்று யோசிப்பதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையே பதில் சொல்கிறது. அவர் பெயரை நாம் தினமும் உச்சரிக்கிறோம். லாரிக்காரர் உச்சரிக்கிறார், பம்ப் செட் வைத்திருக்கும் விவசாயி உச்சரிக்கிறார், அபார்ட்மெண்ட் ஜெனரேட்டருக்கு எண்ணெய் வாங்கப் போகும் வாட்ச்மேனும் உச்சரிக்கிறார். ஆனால் டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. வாசக அன்பர்களுக்கும், குறிப்பாக இந்த ஆண்டு கல்லூரியில் காலடி வைக்கும் நம் பிள்ளைகளுக்கும் ரூடால்ஃப் டீசலின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

பாரிஸில் பிறந்த ஜெர்மானியர்

1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி பாரிஸ் நகரில் ரூடால்ஃப் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தந்தை தியோடர், ஆக்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்தவர். புத்தகம் பைண்டு செய்யும் தொழில் கற்று, பாரிஸில் தோல் சாமான்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருந்தார். தாய் எலிஸ், நியூரம்பர்க் நகரத்தில் பிறந்தவர். பாஷைகள் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர். வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது. கைத்தொழிலை நம்பி, அன்றன்றைய வருமானத்தில் ஓடிய குடும்பம்.

பாரிஸில் தொழில்நுட்பக் கலைகளுக்கென்று ஒரு பழைய அருங்காட்சியகம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் க்யூனோ என்பவர் செய்த நீராவி வண்டி அங்கே வைக்கப்பட்டிருந்தது. சிறுவன் ரூடால்ஃப் அடிக்கடி அங்கே போய், இயந்திரங்களைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருப்பானாம்.

1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. பிரான்ஸில் இருந்த ஜெர்மானியர்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போயிற்று. அங்கே பிழைப்பு நடத்துவதே கஷ்டமாக இருந்ததால், 12 வயதுப் பிள்ளையைத் தனியாக ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். யுத்த காலத்தில் ரயில்கள் ஒழுங்காக ஓடவில்லை. அந்தப் பயணம் எட்டு நாள் பிடித்தது.

ஆக்ஸ்பர்க்கில் பார்னிக்கல் என்ற சித்தப்பா முறை உறவினர் அங்கிருந்த தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர். அவர் வீட்டில் தங்கி, அவர் கற்பித்த பள்ளியிலேயே ரூடால்ஃப் படித்தான். 14 வயதில், தான் எஞ்சினீயர் ஆகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான். 1873இல் வகுப்பில் முதல் மாணவனாகத் தேறி, அடுத்து அதே ஊரில் புதிதாகத் தொடங்கியிருந்த உயர் தொழிற்பள்ளியில் சேர்ந்தான்.

அந்நாளில் பள்ளிகளில் செய்து காட்டிய ஒரு சின்னக் கருவியைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு பிஸ்டன். அடியில் கொஞ்சம் பஞ்சு. பிஸ்டனை ஒரே வேகத்தில் உள்ளே அழுத்தினால், நெருப்பே இல்லாமல் பஞ்சு பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரிந்திருக்கும். பம்பின் அடிப்பக்கம் தொட்டால் சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகும். ஆக்ஸ்பர்க் பள்ளியில் இருந்த அந்தக் கருவியே பின்னாளில் டீசலின் மனத்தில் வித்தாக விழுந்தது என்று சொல்வது வழக்கம்.

அப்பாவின் ஆசையும் பிள்ளையின் ஆசையும்

1875இல் பையனுக்கு வயது 17. பள்ளிப் படிப்பு முடிந்தது. பெற்றோருக்கு ஒரே எண்ணம்தான்: படித்தது போதும், வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதித்துக் குடும்பத்துக்கு உதவட்டும். அதில் தவறென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. யுத்தத்தில் எல்லாம் இழந்த குடும்பம் அது.

அந்தச் சமயத்தில்தான் மியூனிக் நகரில் இருந்த பவேரிய அரசுப் பாலிடெக்னிக், தகுதி அடிப்படையில் அவருக்கு ஸ்காலர்ஷிப் தர முன்வந்தது. இன்றைக்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று உலகப் பிரசித்தி பெற்று விளங்கும் ஸ்தாபனம் அதுதான். 1868இல் தொடங்கப்பட்டது, டீசல் சேர்ந்தபோது அதற்கு ஏழே வயது. பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக ரூடால்ஃப் அந்த ஸ்காலர்ஷிப்பை ஏற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இயந்திரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் பட்டறையில் அடிபட்டுக் கற்றவர்கள். ஜேம்ஸ் வாட் கல்லூரியில் எஞ்சினீயரிங் படித்தவர் அல்ல. ஜார்ஜ் ஸ்டீவன்சன் 18 வயதுவரை எழுதப் படிக்கவே தெரியாதவர். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து இயந்திரவியல் படிப்பது என்பதே புது விஷயம். வெப்பம் எப்படி வேலையாக மாறுகிறது என்ற சாஸ்திரம் அப்போதுதான் முதிர்ந்து பாடமாகியிருந்தது. அதை வகுப்பில் உட்கார்ந்து கற்ற முதல் தலைமுறை மாணவர்களில் டீசல் ஒருவர்.

பட்டம் பெறாத குரு

மியூனிக்கில் அவருக்கு வாய்த்த குரு கார்ல் லிண்டே. ஐஸ் தயாரிக்கும் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தி, குளிர்சாதனத் தொழிலுக்கே அடித்தளம் போட்டவர். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், லிண்டேயே பட்டம் பெறாதவர். ஜூரிக் பாலிடெக்னிக்கில் படித்தபோது, மாணவர் கிளர்ச்சியில் பங்கெடுத்தார் என்று 1864இல் வெளியேற்றப்பட்டவர் அவர். ஆனாலும் 1868இல் மியூனிக் அவரை ஆசிரியராக ஏற்றுக்கொண்டது. கரும்பலகை மட்டும் போதாது என்று மாணவர்கள் இயந்திரங்களை ஓட்டி அளந்து பார்ப்பதற்காக அங்கே ஒரு பரிசோதனைக் கூடமும் அமைத்தார்.

1878. டீசலுக்கு வயது 20. லிண்டே வகுப்பில் நீராவி எஞ்சினைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உலகத்தின் ஆலைகளும் ரயில்களும் கப்பல்களும் நீராவியில் ஓடிய காலம். அப்படிப்பட்ட எஞ்சின், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கு வரைதான் வேலையாக மாற்றுகிறது, மீதியெல்லாம் வீண் என்று அவர் விளக்கினார். அதோடு சாடி கார்னோ என்ற பிரெஞ்சு எஞ்சினீயர் 1824இல் எழுதிய தத்துவத்தையும் சொன்னார். எந்த வெப்ப எஞ்சினுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. உள்ளே வரும் வெப்பநிலைக்கும் வெளியே போகும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளிதான் அந்த வரம்பைத் தீர்மானிக்கிறது. அந்த வரம்பைத் தொடும் எஞ்சின் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கார்னோ காகிதத்தில் ஒரு மாதிரியும் காட்டியிருந்தார். அதில், வெப்பம் உள்ளே வரும்போதும் வாயுவின் சூடு ஏறாது. வரவர அது வேலையாக மாறிவிடும்.

வகுப்பில் இருந்த மற்ற மாணவர்கள் பரீட்சைக்காக அதைக் குறித்துக்கொண்டிருப்பார்கள். டீசலோ தம் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், இந்த மாதிரியை நடைமுறையில் செய்து காட்ட முடியுமா என்று ஆராய வேண்டும் என எழுதிவைத்தார். ஒரே ஒரு வரி. அடுத்த முப்பத்தைந்து வருஷத்து வாழ்க்கையை அந்த வரிதான் நடத்திற்று.

1879இல் இறுதிப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் டைஃபாய்டு ஜுரம் வந்து அவர் படுத்துவிட்டார். உடன் படித்தவர்கள் பரீட்சை எழுதிப் போய்விட்டார்கள். அடுத்த பரீட்சைக்குச் சில மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை அவர் வீணாக்கவில்லை. ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தில் இருந்த சுல்சர் சகோதரர்களின் இயந்திரத் தொழிற்சாலையில் சேர்ந்து, தொழிலாளிகளோடு நின்று வேலை கற்றார். 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி மிக உயர்ந்த சிறப்புடன் தேறினார்.

ஐஸ் கம்பெனியில் பத்து வருஷம்

பட்டம் வாங்கியவுடன் லிண்டே அவரைத் தம் ஐஸ் இயந்திரத் தொழிலுக்கு அழைத்துக்கொண்டார். டீசல் பாரிஸுக்கே திரும்பினார். அங்கே ஐஸ் தொழிற்சாலை அமைக்க உதவி செய்தவர், ஒரே வருஷத்தில் அதற்கு நிர்வாகியானார். 1883இல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார்; மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். நல்ல உத்தியோகம், கௌரவமான சம்பளம், அன்பான குடும்பம். சாதாரண மனிதர் இதோடு திருப்தி அடைந்திருப்பார்.

ஆனால் நோட்டுப் புத்தகக் கேள்வி அவரை விடவில்லை. பகலில் ஐஸ் கம்பெனி வேலை, மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. முதலில் நீராவிக்குப் பதிலாக அமோனியா ஆவியை வைத்து எஞ்சின் செய்ய முயன்றார். வருஷங்கள் ஓடின, உடம்பு கெட்டது, கைப்பணம் கரைந்தது, எஞ்சின் உருப்படியாகவில்லை. 1890இல் லிண்டே கம்பெனிக்காகக் குடும்பத்தோடு பெர்லினுக்கு மாறினார். அந்தச் சமயத்தில்தான் அமோனியாவை விட்டு வேறு வழி யோசித்தார். ஆவி எதற்கு? காற்றே போதாதா? சிலிண்டருக்குள் வெறும் காற்றை மிகவும் அமுக்கினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அந்தச் சூட்டில் எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். தீப்பொறியே வேண்டாம்.

1892 பிப்ரவரியில் இதற்கு ஜெர்மன் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அப்போது வயது 33. மறு ஆண்டு காப்புரிமை கிடைத்தது. நீராவி எஞ்சினுக்கும் அந்நாளில் இருந்த மற்ற எஞ்சின்களுக்கும் மாற்றாக வரப்போகும் எஞ்சினைப் பற்றி 1893இல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். எஞ்சின் இன்னும் பிறக்கவே இல்லை. அதற்குள் சாஸ்திரம் வெளியாகிவிட்டது!

குரு லிண்டேயிடம் ஆதரவு கேட்டார். லிண்டே யோசனையை மெச்சினாரே தவிர, தம் கம்பெனியை அதில் இறக்கச் சம்மதிக்கவில்லை. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிஷ் பூஸ் முதலில் மறுத்தார். பிறகு டீசல் தம் திட்டத்தைத் திருத்தி எழுதி அனுப்பவே ஒப்புக்கொண்டார். புகழ்பெற்ற க்ருப் நிறுவனமும் சேர்ந்துகொண்டு, டீசலுக்கு ஆண்டுக்கு 30,000 மார்க் தரச் சம்மதித்தது. சிறுவனாக வந்து இறங்கிய அதே ஆக்ஸ்பர்க்குக்கு டீசல் எஞ்சினீயராகத் திரும்பினார்.

கணக்கு ஒன்று, இரும்பு ஒன்று

இனிமேல் சொல்வதுதான் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான பகுதி.

டீசல் தம் புத்தகத்தில் எழுதியபடி கார்னோவின் மாதிரியை அப்படியே செய்ய வேண்டுமானால், காற்றைச் சுமார் 250 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு அமுக்க வேண்டும். அந்தக் காலத்து இரும்பும் வால்வும் அதைத் தாங்காது. தாங்கினாலும் ஒரு சங்கடம் உண்டு. வெப்பம் ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாக எரித்தால் கிடைக்கும் வேலை மிகச் சொற்பம். எஞ்சினின் உராய்வே அதை விழுங்கிவிடும். காகிதத்தில் உத்தமமான எஞ்சின், நிஜத்தில் தன்னைத்தானே சுற்றக்கூடச் சக்தி இல்லாத எஞ்சின்.

புத்தகம் வெளிவந்த அதே ஆண்டில் டீசலுக்கு இது புரிந்துவிட்டது. அழுத்தத்தைப் பல மடங்கு குறைத்தார். எரிபொருளை அதிகமாக விட்டார். சூடு ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிட்டார். 1893 நவம்பரில் மாற்றிய முறைக்கு இன்னொரு காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். ஆனால் முதல் புத்தகத்தில் எழுதியது நடக்காது என்பதை அவர் ஊரறியச் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு அவர் பின்னால் பெரிய விலை கொடுக்க வேண்டிவந்தது.

1893 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் எஞ்சினில் முதல் முறையாக எரிபொருளைப் பீய்ச்சினார்கள். பலத்த வெடிச் சத்தத்துடன் அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறிப் பறந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பியது தெய்வாதீனம். டீசலுக்கோ சந்தோஷம், அமுக்கிய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றும் என்பது நிரூபணமாகிவிட்டதே! (இந்தத் தேதியைத்தான் நம் நாட்டிலும் உலக உயிரி எரிபொருள் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று கடலை எண்ணெயில் எஞ்சின் ஓடியதாகப் பலரும் எழுதுவது சரியல்ல. அன்று போட்டது பெட்ரோல். எஞ்சின் ஓடவும் இல்லை. கடலை எண்ணெயில் ஒரு சிறிய டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டியது 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில்.)

மாற்றியமைத்த எஞ்சின் 1894 பிப்ரவரி 17 அன்று தானாக ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? சுமார் ஒரு நிமிஷம், 88 சுற்று. அதைக்கூட டீசல் முதலில் கவனிக்கவில்லை. அதுவரை தொழிற்சாலையின் பொது ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டுத்தான் எஞ்சினைச் சுற்றுவார்கள். அன்று பெல்ட் இழுபடும் பக்கம் மாறியதை ஒரு மூத்த மெக்கானிக் கண்டார். எஞ்சின் இப்போது ஷாஃப்டை இழுக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்த பிறகே டீசலுக்கு விஷயம் விளங்கிற்று. முதல் வகுப்பில் தேறிய எஞ்சினீயருக்கு முன்னால், பட்டறையில் வளர்ந்த மனிதரின் கண்ணுக்கு அது தெரிந்துவிட்டது.

இன்னும் மூன்று வருஷம் உழைப்பு. 1897 பிப்ரவரி 17 அன்று மியூனிக் கல்லூரிப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நேரில் வந்து எஞ்சினைச் சோதித்தார். லிண்டேக்குப் பிறகு அவருடைய இடத்துக்கு வந்தவர் அவர். சுமார் 18 குதிரைசக்தி; எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது என்று அளந்து சொன்னார். லிண்டே வகுப்பில் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

செல்வமும் சஞ்சலமும்

பிறகு பணம் கொட்டியது. அமெரிக்காவில் பீர் தொழிலில் பெரும் பணக்காரரான அடால்ஃபஸ் புஷ், அந்நாட்டு உரிமைக்குப் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். ரஷ்ய உரிமையை நோபல் குடும்பம் வாங்கியது. 1898இல் தம் உரிமைகளையெல்லாம் ஒரு புதுக் கம்பெனிக்கு 35 லட்சம் மார்க்குக்கு எழுதிக்கொடுத்தார். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனால் வாங்கியவர்களின் தொழிற்சாலைகளில் எஞ்சின் சரியாக ஓடவில்லை. ஆக்ஸ்பர்க்கில் கைதேர்ந்தவர்கள் ஓட்டியது, வேறு ஊரில் நின்றுபோயிற்று. புகார் மேல் புகார். காப்புரிமை வழக்குகள் வேறு. அதே காலத்தில் இங்கிலாந்தில் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்பவர் ஏறத்தாழ இதே வழியில் ஓர் எஞ்சின் செய்து 1890இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அவர் முந்தியவரா இவர் முந்தியவரா என்ற சர்ச்சையும் எழுந்தது. டீசல் மனமும் உடலும் தளர்ந்து சிகிச்சை நிலையத்தில் மாதக்கணக்கில் இருக்க நேரிட்டது. எஞ்சின் கணக்கில் புலியான அவருக்குப் பணக் கணக்கு வரவில்லை. எண்ணெய்க் கிணறுகளிலும் நிலங்களிலும் போட்ட முதல் பெரும்பாலும் போய்விட்டது.

எஞ்சினோ அவரைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்தது. 1903இல் ஆற்றுக் கப்பலில் ஏறியது. 1912இல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் எஞ்சின் பலத்தில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை கடல் கடந்து வந்தது. முன்பு டீசல் வேலை கற்ற சுல்சர் நிறுவனமே அவர் எஞ்சினைத் தயாரித்துப் பெயர் வாங்கியது.

1912இல் பெர்லினில் கப்பல் எஞ்சினீயர்கள் சபையில் தம் எஞ்சின் பிறந்த வரலாற்றை அவர் விவரித்தார். பேராசிரியர்கள் சிலர் எழுந்து பழைய கேள்வியைக் கேட்டார்கள்: புத்தகத்தில் எழுதிய எஞ்சினும் இப்போது ஓடும் எஞ்சினும் ஒன்றுதானா? லூடர்ஸ் என்ற பேராசிரியர், டீசலின் பெருமையே கட்டுக்கதை என்று 1913இல் ஒரு நூலே எழுதிவிட்டார். இருபது வருஷத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விளக்கத்தை அப்போதே சொல்லியிருந்தால் இந்தக் கணைகளுக்குக் கூர் இருந்திருக்காது. கணக்கு மாறியது குற்றமே அல்ல. எந்த நல்ல எஞ்சினும் அப்படித்தான் பிறக்கிறது.

1913 செப்டம்பர் 29 மாலை, இங்கிலாந்தில் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்காக ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் நண்பர்கள் இருவருடன் ஏறினார். இரவு உணவு முடித்து, பத்து மணி சுமாருக்குத் தம் அறைக்குப் போனார். காலையில் எழுப்பச் சொல்லியிருந்தார். காலையில் அறையில் ஆள் இல்லை; படுக்கை கலையாமல் இருந்தது. சில நாட்களுக்குப் பிறகு ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. அதனிடம் இருந்த சாமான்களை மகன் ஆய்கன் பார்த்து, தம் தந்தையுடையவை என்று அடையாளம் சொன்னார். வயது 55. பகைவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று அன்றும் இன்றும் கதைகள் உண்டு, ஆதாரம் இல்லை. அவருக்குப் பெரும் கடன் இருந்தது என்பதும், கையில் ஒன்றும் மிச்சமில்லை என்பதும் பிறகு தெரியவந்தது. இவ்வளவு பெரிய சங்கடத்தை அவர் வீட்டில் யாரிடமும் மனம் திறந்து சொல்லவில்லை.

அவர் ஆசை எங்கே நிறைவேறியது?

டீசலுக்கு இன்னொரு கனவு இருந்தது. பெரிய நீராவி எஞ்சின் வாங்கப் பெரிய முதலாளியால்தான் முடியும். தம் அப்பாவைப் போன்ற சிறு கைத்தொழிலாளியும் சொந்தமாக வைத்துக்கொள்ளும்படி சிக்கனமான ஒரு சிறு எஞ்சின் வேண்டும் என்பது அவர் ஆசை. 1903இல் தொழிலாளர்கள் ஒன்றுகூடி உற்பத்தியை நடத்துவது பற்றி ஒரு நூலும் எழுதினார். அது விற்கவில்லை. அவர் காலத்து எஞ்சின், எரிபொருளைப் பீய்ச்சவே தனியாக ஒரு காற்றழுத்த இயந்திரம் கேட்டது. அதனால் பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. சிறு பட்டறைக்குள் நுழையவில்லை.

அந்தக் குறை அவருக்குப் பிறகுதான் தீர்ந்தது. 1920களில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் சிறு பம்புகள் வந்தன. லாரியில் டீசல் ஏறியது. 1933இல் ஜப்பானில் யமாவோகா என்பவர் விவசாயிகளுக்கென்று கைக்கடக்கமான டீசல் எஞ்சின் செய்தார். நன்றி மறவாத அவர், 1957இல் ஆக்ஸ்பர்க் பூங்காவில் டீசலுக்கு ஒரு நினைவுத் தோட்டம் அமைத்துக் கொடுத்தார்.

நம் நாட்டில் அந்தக் கனவு இன்னும் தெளிவாகப் பலித்தது. புனேயில் 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் தொடங்கியது. ராஜ்கோட்டில் சின்னச் சின்னப் பட்டறைகளே லிஸ்டர் ரக எஞ்சின்களை வார்த்து, கடைந்து, கோத்துத் தந்தன. மின்சாரம் எட்டாத கிராமங்களில் கிணற்று மேட்டிலும் மாவு மில்லிலும் ‘டுப் டுப்’ என்று ஓடிய ஆயில் எஞ்சினை நம்மில் மூத்தவர்கள் பலர் கேட்டு வளர்ந்திருப்பார்கள். வாரணாசியில் 1964இலிருந்து டீசல் ரயில் எஞ்சின்கள் வெளிவந்தன. இன்று நம் அகல ரயில் பாதை அநேகமாக முழுவதும் மின்மயமாகிவிட்டது. அந்த வாரணாசித் தொழிற்சாலையே 2020இல் பெயர் மாறி, மின்சார எஞ்சின்களைச் செய்கிறது. டீசல் புகையின் கெடுதலும் உலகுக்குத் தெரிந்துவிட்டது. காலத்துக்கேற்ப எஞ்சின் மாறத்தான் வேண்டும். ஆனாலும் இன்றைய பெரிய கப்பல் டீசல் எஞ்சின்கள் எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்குமேல் வேலையாக மாற்றுகின்றன. பத்துப் பங்குகூடக் கிடைக்கவில்லையே என்று ஒரு மாணவர் விசனப்பட்ட இடத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

நம் பிள்ளைகள் மெக்கானிக்கல் படிக்கட்டும், வேறு எது வேண்டுமானாலும் படிக்கட்டும். வகுப்பில் கேட்டதில் மனத்தை உறுத்துகிற ஒரு கேள்வியை நோட்டின் ஓரத்தில் குறித்துவைக்கட்டும். பரீட்சை தள்ளிப்போனால் சோர்ந்துவிடாமல் ஒரு பட்டறையில் போய் நிற்கட்டும். அங்கே தொப்பியைக் கழற்றும் மெக்கானிக்கிடமும் பாடம் கேட்கட்டும். எழுதிய கணக்கை இரும்பு ஒப்புக்கொள்ளாவிட்டால், மாற்றிக்கொண்டேன் என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும். மனத்தில் பாரம் ஏறினால் வீட்டில் உட்கார்ந்து சொல்லட்டும். அதைப் பொறுமையாகக் கேட்கும் கடமை பெற்றோராகிய நமக்கு உண்டு.